விளக்கவுரையுடன் பியானோ கச்சேரி செய்வது எப்படி?

மேற்கத்தியச் செவ்வியல் இசையை அதிகம் கேட்டிராதவர்களுக்குப் பியானோ வாசித்து, இடையிடையே பேசவும் போகிறீர்கள் என்றால், நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் அடுத்து வரும் இசையில் காது எதைப் பற்றிக்கொள்ளலாம் என்பதைக் காட்ட வேண்டும். இசையமைப்பாளர் பிறந்த ஆண்டு, அவருடைய ஆசிரியர்கள், பெற்ற பட்டங்கள் ஆகியவற்றை அச்சிட்ட நிகழ்ச்சிக் குறிப்பில் கொடுத்துவிடலாம்.

இசையமைப்பாளர் ஷோப்பான் 1839இல் வெளியிட்ட 24 பிரிலூடுகளில் (சிறு பியானோ படைப்புகளில்) ‘மழைத்துளி’ என்று பெயர்பெற்ற பதினைந்தாவதை எடுத்துக்கொள்வோம். அதைத் தொடங்குமுன் ஏ ஃபிளாட் என்ற ஒரே விசையை மெதுவாக எட்டுப் பத்து முறை வாசியுங்கள். எதுவும் சொல்லாமல் அந்த ஒலியை அரங்கில் பழக விடுங்கள். பிறகு தொடக்க மெட்டைச் சற்று வாசித்து, அதற்கு அடியில் அந்தச் சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். நடுப்பகுதியில் அதே விசை ஜி ஷார்ப் என்ற பெயரில் வலக்கைக்கு வருகிறது; மெட்டு இடக்கையின் கனத்த கீழ்ச்சுரங்களுக்கு இறங்குகிறது; மேஜர் என்னும் தெளிந்த சுரவரிசையில் இருந்தது மைனர் என்னும் இருண்ட சுரவரிசைக்கு மாறுகிறது. சற்றுமுன் இதமாக ஒலித்த சுரமே இங்கே அச்சமூட்டுவதை, இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவரும் உணர்ந்துவிடுவார். இத்தனைக்கும் இரண்டு நிமிடம் போதும். மூன்றைத் தாண்டினால் கேட்கும் ஆவல் தணியத் தொடங்கும்.

படைப்புகளின் செல்லப்பெயர்களை நம்பிப் பேசுவதில் எச்சரிக்கை தேவை. பீத்தோவன் 1801இல் எழுதிய சொனாட்டாவுக்கு (பல பகுதிகள் கொண்ட படைப்புக்கு) ‘நிலவொளி’ என்ற பெயர் 1827இல் அவர் மறைந்த பின்னரே ஒட்டிக்கொண்டது. நிலவை எண்ணிக்கொண்டு கேட்கச் சொன்னால் மூன்றாம் பகுதியின் சீற்றத்துக்குக் கேட்பவரிடம் இடமே இருக்காது. முதற்பகுதி முழுவதையும் ஒலியடக்கிகளை, அதாவது தந்திகளின் அதிர்வை நிறுத்துபவையும் பெடலை மிதித்தால் மேலெழுபவையுமான மெத்தைகளை, எழுப்பிய நிலையில் வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் குறித்திருப்பதைச் சொல்லி, ஒரே கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) பெடல் இல்லாமலும் பெடலோடும் வாசித்துக் காட்டுவது எவ்வளவோ மேல். (ஒலி நீண்டு நிற்கும் இன்றைய பியானோவில் அந்தக் குறிப்பை அப்படியே கடைப்பிடித்தால் சுரங்கள் குழம்பும் என்பதால், கச்சேரியில் பெடலை அளவோடு மாற்றத்தான் வேண்டியிருக்கும்.) மூன்று பகுதிகள் உண்டு என்பதையும், முதலாவதும் இரண்டாவதும் இடைவெளியின்றித் தொடரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், எங்கே கைதட்டுவது என்ற கூச்சம் யாருக்கும் இராது.

பியானோ வாசிப்பவரின் வலப்பக்கமே பார்வையாளர்களை நோக்கியிருக்கும். ஆகவே மைக்கை இருக்கையின் வலப்புறத்தில், திரும்பினால் வாய்க்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். சட்டையில் குத்தும் மைக் என்றால், வாசிக்கும்போது அதை அணைக்க ஒருவரை அமர்த்துங்கள். இல்லாவிட்டால் உங்கள் மூச்சுச் சத்தமும் அரங்கெங்கும் கேட்கும்.

பேச்சிலிருந்து வாசிப்புக்கு மாறும் அந்தச் சில நொடிகளைத்தான் பலரும் பயிற்சி செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பேசும்போது மூச்சு வேகமாகிறது, கை குளிர்ந்துவிடுகிறது, அந்த வேகத்திலேயே முதற்சுரமும் பிறந்துவிடுகிறது. வீட்டிலேயே உரையை வாய்விட்டுச் சொல்லி, கைகளை மடியில் வைத்து, முதல் வரியை மனத்துக்குள் உரிய வேகத்தில் ஒருமுறை பாடிப் பார்த்த பிறகே தொடங்கப் பழகுங்கள். உரையைத் தாளைப் பார்த்துப் படிக்காதீர்கள்.

இறுதியில் இன்னொன்று வாசிக்கும்படி கேட்டால், பெயரை மட்டும் சொல்லிவிட்டு, அதுவரை காட்டிய எதையும் நினைவூட்டாமல் வாசியுங்கள்.