முதல் ஒயின் ஜாடிக்கு வீட்டில் இடம் பார்க்கும்போது
பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு ஒயின் போட உரிமம் தேவையில்லை, விற்கக் கூடாது. தொடக்கத்துக்கு 4.5 லிட்டர் கண்ணாடி ஜாடி ஒன்றே போதும். வெயில் படாத, 18–24 டிகிரி சூடுள்ள, காற்றோட்டமான மூலையில், தரையிலேயே, விளிம்புள்ள தட்டின்மேல் வையுங்கள். அலமாரி உச்சி வேண்டவே வேண்டாம்.

மூடியை இறுக்கித் திருகுவதுதான் பெரிய ஆபத்து. 1 கிலோ சர்க்கரை முழுதாகப் புளித்தால் சுமார் 250 லிட்டர் கரியமில வாயு கிளம்பும். வெளியேற வழியில்லாவிட்டால் ஜாடி வெடித்துவிடும். தண்ணீர் ஊற்றிய ஏர்லாக்கை (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சிறு குழாய் மூடி) பொருத்தி, ஜாடியில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் முதல் சில நாட்களில் நுரை பொங்கி, பழத்தோல் குழாயில் சிக்கிக்கொள்ளும். அப்படி அடைத்தால் ஏர்லாக்கை உடனே கழற்றிக் கழுவி மாட்டுங்கள்.

சாமான்களைத் தேய்த்துக் கழுவியபின், லிட்டருக்கு 10 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட் (கிருமிநீக்கித் தூள்) கரைத்த நீரில் அலசுங்கள். அதன் நெடி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்துவையுங்கள். பிளீச்சோடு சேர்க்கவே கூடாது.