‘நான் யார்?’ என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் ‘நான் யார்?’ என்று எழுதி, கீழே 20 பதில்கள் எழுதுங்கள். 1954இல் மேன்ஃபர்ட் கூன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர்கள் தந்த சோதனை இது. அம்மா, மருமகள், டீச்சர் என்று முதல் சில பதில்கள் சுலபமாக வந்துவிடும். அப்புறம்தான் ‘கூச்சக்காரி’, ‘பேசத் தெரியாதவள்’ எல்லாம் வரும்.

அந்த மாதிரிப் பதில்களுக்குப் பக்கத்தில், யாரோடு இருக்கும்போது அப்படி என்று குறியுங்கள். கேரளத்தில் தமிழ் பேசுவோர் நிறைந்த கொழிஞ்சாம்பாறையில் தமிழில் வெளுத்துவாங்குகிற பெண், பாலக்காட்டு ஆபீசில் மலையாளம் தடுமாறுமோ என்று வாயே திறக்கமாட்டாள். ‘இவள் இப்படித்தான்’ என்று அங்குள்ளவர்களும் டீக்குக் கூப்பிடுவதை விட்டுவிடுவார்கள். கூச்சம் இன்னும் கெட்டிப்படும்.

பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வதில் இருந்துதான் நம்மைப் பற்றிய எண்ணம் உருவாகிறது என்று 1902இலேயே சொன்னார் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி. நாமாக நினைத்துக்கொள்வது, கவனியுங்கள். அது தப்பாகவும் இருக்கலாம். அதனால் ஒரே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நீங்கள் குறித்தவர்களில் நம்பிக்கையான ஒருவரிடம், “நான் பேசுறது எப்படி இருக்கு?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பத்துப் பேரிடம் கேட்க வேண்டாம், குழப்பம்தான் மிஞ்சும்.