பழைய சிறிய மோட்டார்ஹோம்: வேன் சேஸிஸா, பிக்கப் சேஸிஸா?

பழைய சிறிய மோட்டார்ஹோம் (உள்ளே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) வாங்க எண்ணுபவர், உள்ளே இருக்கும் படுக்கையையும் அடுப்பையும் பார்க்கும் முன், வண்டிக்கு அடியில் குனிந்து பின் அச்சைப் பார்க்க வேண்டும். டொயோட்டா பிக்கப் சேஸிஸின்மேல் (அடிச்சட்டத்தின்மேல்) 1980களின் நடுப்பகுதி வரை கட்டப்பட்ட பல வண்டிகளில், பின்னால் இரட்டைச் சக்கரங்கள் தெரிந்தாலும், அவற்றைத் தாங்குவது சாதாரண பிக்கப்புக்கு உரிய இலகுவான அச்சே. வீட்டுப் பகுதியின் எடை தாளாமல் அது உடைந்து சக்கரம் கழன்றதும் உண்டு. பின் சக்கரத்தில் 5 நட்டுகள் இருந்தால் பெரும்பாலும் அந்தப் பழைய அச்சு. 6 இருந்தால், சுமையை அச்சுத்தண்டு அல்லாமல் அதன் உறையே தாங்கும், ‘ஒரு டன்’ வகை எனப்படும் கனமான அச்சு. முதல் வகையை, அச்சை மாற்றாமல் ஓட்ட நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபோர்டு இ-350 போன்ற வேன் சேஸிஸில் இந்தக் கவலை குறைவு. ஆனால் எஞ்சினின் ஒரு பகுதி முன் இருக்கைகளுக்கு நடுவே மூடியின் கீழ் அமைவதால், வெப்பமும் இரைச்சலும் உள்ளே வருவதோடு பழுதுபார்ப்பும் கடினமாகிறது, எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினின் எரிபொருள் செலவும் கூடுகிறது. டொயோட்டாவின் 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் சிக்கனமானது, பானட்டைத் திறந்தாலே கைக்கு எட்டும். ஏற்றங்களில் மட்டும் பொறுமை தேவை. எதுவானாலும், தண்ணீரும் பயணிகளும் நிறைந்த நிலையில் எடைமேடையில் நிறுத்தி, தயாரிப்பாளர் தகட்டில் குறித்த அச்சுச்சுமை வரம்போடு ஒப்பிடுங்கள்.