கிரேக்கப் பள்ளி மாணவர்களின் மன அழுத்தத்தை அளப்பது எப்படி?

ஒரே வகுப்பு, ஒரே தேர்வு. ஒருத்திக்குத் தூக்கம் போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவள் சாவகாசமாக இருக்கிறாள். தேர்வு எவ்வளவு கடினம் என்று அளந்து பயனில்லை, அது அவளுக்கு எவ்வளவு கனக்கிறது என்று அவளையே கேட்க வேண்டும். 1983-இல் ஷெல்டன் கோஹனும் அவருடைய இரு சகாக்களும் வெளியிட்ட 'உணரப்படும் மன அழுத்த அளவுகோல்' அதைத்தான் கேட்கிறது. முதலில் 14 கேள்விகள் இருந்தன. பிறகு வந்த 10 கேள்வி வடிவம் புதியவர்களுக்கு வசதியானது, அதையே எடுத்துக்கொள்வோம்.

படி 1: தாள்

நீங்களே உட்கார்ந்து மொழிபெயர்க்காதீர்கள். கிரேக்க வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதன் நம்பகத்தன்மை பற்றி 2011-இல் வெளியான ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது. ஆகவே ஐந்தாறு மாணவர்களிடம் ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லி, 'உனக்கு இது என்னவாகப் புரிகிறது?' என்று கேளுங்கள். கிரேக்கர் அன்றாடம் சொல்லும் 'ஆங்ஹோஸ்' என்ற சொல் பதற்றம், அழுத்தம் இரண்டுக்கும் பொது. நாம் மட்டும் என்ன, மனச்சோர்வையும் சேர்த்தே 'மன அழுத்தம்' என்கிறோம்!

படி 2: அனுமதி

கல்வி அமைச்சகத்தின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, மாணவரின் சம்மதம். மூன்றும் வந்த பிறகே பள்ளி வாசலை மிதியுங்கள்.

படி 3: நாள் குறித்தல்

பலர் சறுக்குவது இங்கேதான். எல்லாக் கேள்விகளும் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. பள்ளி திறக்கும் செப்டம்பரில் தாளைக் கொடுத்தால், ஆகஸ்ட் மாதக் கடற்கரையைத்தான் அளப்பீர்கள். ஈஸ்டர் விடுமுறை இரண்டு வாரம். அதன் தேதி ஆண்டுதோறும் நகரும், நாட்காட்டியைப் பாருங்கள். லீகியோ என்னும் மேல்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பினருக்கு, பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் பனெலாதிகெஸ் தேர்வு கோடையின் தொடக்கத்தில் வருகிறது. பள்ளி முடிந்ததும் அவர்கள் ஓடுவது ஃப்ரொன்திஸ்தீரியோ எனப்படும் தனிப்பயிற்சி நிலையத்துக்கு. அவர்களின் மே மாதத்தையும் கீழ்வகுப்பினரின் நவம்பரையும் ஒப்பிட்டுவிட்டு, வயதுதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள்.

படி 4: வகுப்பறையில்

பத்து நிமிடம் போதும். பெயர் வேண்டாம், வகுப்பு, வயது, பாலினம் மட்டும். மேசைகளுக்கு நடுவே ஆசிரியர் நடமாடினால் பதில்கள் சட்டென்று நல்ல பிள்ளைகளாகிவிடும்.

படி 5: மதிப்பெண்

ஒவ்வொரு பதிலுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'மிக அடிக்கடி' என்றால் 4. ஆனால் 4, 5, 7, 8 ஆகிய கேள்விகள் நல்லதைக் கேட்பவை. காரியங்கள் கைக்குள் இருந்தனவா என்ற வகை. அவற்றைத் திருப்பிப் போட வேண்டும்: 0 என்பது 4, 1 என்பது 3, 2 அப்படியே. பிறகு கூட்டினால் 0 முதல் 40 வரை வரும்.

திருப்ப மறந்தால் என்ன ஆகும்? அமைதியான ஒரு மாணவி ஆறு எதிர்மறைக் கேள்விகளுக்கும் 1, நான்கு நேர்மறைக் கேள்விகளுக்கும் 3 போடுகிறாள். சரியான கூட்டல் 6 + 4 = 10. தவித்துப்போன இன்னொருத்தி 3, 1 என்று போடுகிறாள்: 18 + 12 = 30. திருப்பாவிட்டால் இவை 18, 22 ஆகிவிடும். இருபது புள்ளி இடைவெளி நான்காகச் சுருங்குகிறது. என் முதல் அட்டவணையில் இதைத்தான் செய்தேன். 'இங்கே எல்லோரும் ஒரே மாதிரி' என்று ஒரு பத்தியும் எழுதி வைத்திருந்தேன்.

இன்னொன்று: படிக்காமலே ஒரே கட்டத்தில் வரிசையாக டிக் அடிப்பவர்கள். எல்லாம் 0 என்றால் கூட்டல் 16, எல்லாம் 4 என்றால் 24. இரண்டும் சாதுவாக நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். திருப்புவதற்கு முன்பே, மூல எண்களில் அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

படி 6: எண்ணைப் படித்தல்

கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகின்றனவா என்பதற்கு க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் எண்ணைப் பாருங்கள், 0.70-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்பார்கள். 'இத்தனைக்கு மேல் நோய்' என்ற கோடு இந்த அளவுகோலில் கிடையாது. குழுக்களை ஒப்பிடலாம், ஒரு பிள்ளைக்கு முத்திரை குத்தக் கூடாது.

பெயரில்லாத தாளில் 38 வந்தால், அது யாருடையது என்று தேட வழியில்லை. அதனால் அச்சடிக்கும்போதே அடியில் கிழித்தெடுக்கும் துண்டு ஒன்று விடுங்கள். அதில் கிரேக்கக் குழந்தைகளுக்கான உதவி எண் 1056 இருக்கட்டும். தாள் உங்களிடம் திரும்பிவிடும், துண்டு அவர்கள் பையில் போகும்.