பிள்ளை பிறந்த பிறகுள்ள இரண்டு மணி நேரம்

குமரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். லேபர் ரூம் டியூட்டிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதுதான்: குழந்தை அழுததும் எல்லார் கண்ணும் அங்கே போய்விடும், உன் கண் தாயிடமே இருக்கட்டும்.

குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள், கருப்பையை இறுக்கி உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட வேண்டும். அதற்கு முன்பே வயிற்றைத் தொட்டு, உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொள். இது எல்லாருக்கும் தெரியும். மருந்தை வைக்கிற இடத்தில்தான் கோட்டை விடுவோம். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் மருந்துக் குப்பிகள், கருவிகளைச் சூடான ஆவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவுக்குப் பக்கத்து டிரேயிலேயே கிடந்தன. ஊசி போட்டும் கருப்பை இறுகவில்லை என்று மருந்துக் கம்பெனியைத் திட்டினோம். திட்டியிருக்க வேண்டியது எங்களைத்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் வை. ஃப்ரீசரிலும் வேண்டாம், கதவுத் தட்டிலும் வேண்டாம். காலையும் மாலையும் தெர்மாமீட்டர் பார்த்து எழுது. அந்த ஃப்ரிட்ஜில் யாருடைய மீன்குழம்பும் இருக்கக் கூடாது, டாக்டருடையதாக இருந்தாலும் சரி.

அடுத்தது உதிரம். கண்ணால் பார்த்து 'கொஞ்சம்தான்' என்று எழுதாதே. கண் எப்போதும் குறைத்தே சொல்லும். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் இடுப்புக்கு அடியில் விரி. 2023-இல் வெளிவந்த ஆப்பிரிக்க நாடுகளின் ஆய்வொன்றில், இந்த விரிப்பால் அளந்து உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கிய ஆஸ்பத்திரிகளில் கடும் உதிரப்போக்கும் அதனால் வரும் ஆபத்துகளும் 60 சதவீதம் குறைந்தன. விரிப்பு இல்லையா? துணியைக் காய்ந்தபடி எடை போட்டு வை, நனைந்த பிறகு மறுபடி போடு. கூடிய ஒரு கிராமை ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். தராசின் மேல் பாலித்தீன் தாள் போட மறக்காதே. 500 மில்லி தொட்டால் ஆபத்து. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்: நாடி வேகமானாலோ பிரஷர் இறங்கினாலோ முன்னதாகவே டாக்டரைக் கூப்பிடு.

இரண்டு மணி நேரமும் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி, பிரஷர், உதிரம், கருப்பை. கருப்பை கெட்டித் தேங்காய் மாதிரி கைக்குத் தட்டுப்பட வேண்டும். நுங்கு மாதிரி குழைந்திருந்தால் உடனே தேய்த்துவிடு. மூத்திரப்பை நிறைந்திருந்தாலும் கருப்பை இறுகாது, அதையும் பார். கூட வந்த அம்மையின் கையைப் பிடித்து மகள் வயிற்றில் வைத்துக் காட்டுவேன். ஒருநாள் ராத்திரி ஒரு பாட்டி ஓடி வந்து, "சிஸ்டர் மக்ளே, தேங்காய் இளகிப் போச்சு" என்றார். ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன், போட்டுவிட்டு ஓடினேன். அவர் சொன்னது சரிதான்.

கத்துகிறவளை அதட்டாதே, திரையை இழுத்து மூடு. அதட்டல் வாங்கினவள், தலை சுற்றினாலும் உன்னிடம் சொல்ல மாட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் தாமதிக்காதே. பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் இருந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி கிட்டக்க இல்லை. உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை டாக்டர் சொன்னபடி கொடுப்பதானால் பிறந்த 3 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். 108 வரும்வரை தேய்ப்பதை நிறுத்தாதே. இதற்கிடையில் அங்குள்ள லேபர் ரூமுக்கு இன்னொருவர் போன் செய்யட்டும்: இரத்த வகை, போன உதிரம், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம். அதையே ஒரு தாளிலும் எழுதிக் கூடப் போகிற நர்ஸிடம் கொடு. பைக்குள் வைக்க வேண்டாம், கையிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்.