சாரல் காலத்து பெட்ரோல் நெடி

செங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் முன்பு பெட்ரோல் பங்க் இருந்தது. சாரல் பிடித்தால் முன்னறையில் நெடி ஏறும். வெளிமண் நனைந்து அடைபட்டதும், அப்போது மண்ணில் கசிந்த பெட்ரோலின் ஆவி வீட்டடி உலர்மண் வழியாகத் தரை விரிசலில் ஏறுகிறது.

மூக்கை நம்ப முடியாது. பெட்ரோல் ஆவியில் உள்ள பென்சீன் என்ற நச்சு, நெடி தெரியாத அளவிலும் கெடுதல்தான். ஆய்வகத்தார் தரையில் சிறு துளை போட்டு, சுற்றிலும் அடைத்து, வெற்றிட எஃகுக் கலனில் மண்காற்றை எடுத்தார்கள். அறைக்காற்று 24 மணி நேரம், ஜன்னல்களைச் சாத்தி. ஒப்பிட வெளிக்காற்றும் ஒரு கலன். அளவைக் குழப்பும் பெயின்ட், தின்னரை முன்பே வெளியேற்றிவிட வேண்டும் (அம்மாவின் கொசுவர்த்தியை நிறுத்தத்தான் பெரும்பாடு).

தரைக்கடியில்தான் பென்சீன் அதிகம் இருந்தது. சரி, விரிசல்களை அடைத்தோம். அப்புறம் தரைக்கடியிலிருந்து பிவிசி குழாய் இழுத்து, தீப்பொறி வராத ஃபேன் வைத்துக் கூரைக்கு மேலே விட்டோம். அடுத்த சாரலில் மறுபடி சோதித்தபோது அறைக்காற்றும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன.