திண்ணையில் லேப்டாப்: பிடரியைக் காப்பது எப்படி?

நான் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணித் தாய்மார்களின் விவரங்களை பிக்மி என்ற அரசு இணையதளத்தில் ஏற்ற லேப்டாப்போடு வீடு வீடாகப் போகிறவள். சம்மணமிட்டு மடியில் வைத்துத் தட்டியே பிடரி பிடித்து, ஒரு வாரம் தலையைத் திருப்ப முடியாமல் அவதிப்பட்டேன்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதுதான் சிக்கல். கைக்கு வசதியாகத் தாழ்த்தினால் கழுத்து குனியும். கண்ணுக்கு உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். நம் தலை ஏறக்குறைய 5 கிலோ, இரண்டு மாதக் குழந்தையின் கனம். குனியக் குனிய அவ்வளவும் பிடரித் தசைமேல்தான்.

போகிற வீட்டில் "அக்கா, ஒரு சேர் போடுங்க" என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதியட்டும். பத்து நிமிட வேலைக்கு லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தாலே போதும்.

துணை சுகாதார நிலையத்தில் மணிக்கணக்கில் என்ட்ரி போடும்போது தனி கீபோர்டும் மவுஸும் கட்டாயம். நான் பழைய பதிவேடுகளை நாலைந்து அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைப்பேன். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வந்துவிடும். கீபோர்டு மேசையில். முழங்கை விலாவை ஒட்டி எல் வடிவில் மடங்கியிருக்கட்டும், மணிக்கட்டு வளைய வேண்டாம்.

திண்ணையில் வெயில் திரையில் அடிக்காதபடி திரும்பி உட்காருங்கள். கூசினால் முகம் தானாக முன்னே போகும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளியிருக்கும் மரத்தையோ மாட்டையோ 20 விநாடி பாருங்கள்.

பை இரண்டு தோளிலும் மாட்டுவதாக இருக்கட்டும். விரல் மரத்துப்போனால் தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.